குழுவாய்க் கற்றலும் கணினிக் கல்வியும்

நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், மாணாக்கர் பாடம் கேட்கும் முறையைப் பொதுப்பாயிரத்தில் விரித்துரைக்கிறார். ஆசிரியர் சொல்லியதை முழுமையாக உள்வாங்கிக் கொண்டாலும் புலமையில் காற்பங்கே நிரம்பும். உடன் பயில்வாரோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கு நிரம்பும். கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும். இது 13ஆம் நூற்றாண்டில் அவர் வகுத்த கணக்கு. இக்கணக்கைக் கொண்டு நம் கல்லூரிகளை அளந்தால், முதற் காற்பங்கிற்கே நாம் கால அட்டவணை வகுத்திருக்கிறோம் என்பது புலனாகும். மற்ற முக்காற்பங்கு மாணவரின் நல்லூழுக்கு விடப்பட்டிருக்கிறது.

இன்று இம்முக்காற்பங்கைக் கட்டாயமாக வேண்டி நிற்கும் துறை ஒன்று உண்டெனில், அது மென்பொருள் உருவாக்கத் துறையே ஆகும். அத்துறையில் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளாகப் பேசப்பட்டு வரும் 'அஜைல்' என்னும் முறை, குழுவாய்க் கூடிச் சிறிது சிறிதாகச் செய்து, செய்ததைப் பயன்படுத்துவோரிடம் காட்டி, அவர் சொல்வதைக் கேட்டுத் திருத்திக் கொள்ளும் முறையாகும். இதனைத் 'தகவெளிமை' என்று தமிழில் வழங்குவாரும் உளர். கணினித் துறைக்குரிய பொருளைத் தமிழாசிரியர் பேசுவது ஏன் என்று சிலர் வினவக்கூடும். கேட்டலும் சொல்லுதலும் பிழை திருத்துதலுமே இம்முறையின் உயிர்நாடி. அவை மூன்றும் மொழித்துறைக்கும் உரியவை. அதனால்தான் இப்பொருளை மலரின் பக்கங்களுக்கு எடுத்துக் கொண்டோம்.

புதுமுறையின் தோற்றம்

மென்பொருள் ஆக்கம் தொடக்கத்தில் கட்டடம் கட்டுவது போலவே கருதப்பட்டது. முதலில் தேவைகளை எழுதி முடிப்பர், அடுத்து வரைபடம், அதன்பின் நிரல், இறுதியில் சோதனை. மேலிருந்து கீழே படிப்படியாக நீர் விழுவது போன்ற இம்முறையை 'அருவி முறை' என்பர். 1970ஆம் ஆண்டில் வின்ஸ்டன் ராய்ஸ் என்னும் அறிஞர் இப்படிகளை வரைந்து காட்டினார். காட்டிய கையோடு, இவ்வாறே செய்வது இடர் மிகுந்தது என்றும் எச்சரித்தார். படத்தை எடுத்துக் கொண்ட உலகம் எச்சரிக்கையை விட்டுவிட்டது. 1975ஆம் ஆண்டில் பிரடெரிக் புரூக்ஸ் தாம் எழுதிய நூலில், காலந்தாழ்ந்த மென்பொருட் பணியில் ஆட்களைக் கூட்டினால் அது மேலும் தாழும் என்று அனுபவத்தால் எடுத்துரைத்தார். ஆள்பலத்தைவிட ஆட்களுக்கிடையே நிகழும் பேச்சே பணியின் வேகத்தை முடிவு செய்கிறது என்பது அவர் கண்ட உண்மை.

1986ஆம் ஆண்டில் தக்கேயூச்சி, நோனாக்கா என்னும் சப்பானிய அறிஞர் இருவர், புதிய பொருள்களை விரைந்து உருவாக்கும் நிறுவனங்களின் குழுக்களை ரக்பி ஆட்டத்தின் அணிகளோடு ஒப்பிட்டு எழுதினர். பந்தை ஒருவர் ஓடிமுடித்து அடுத்தவர் கையில் கொடுப்பதன்று. எல்லாரும் ஒன்றாகவே முன்னேறுவது அவ்வாட்டத்தின் இயல்பு. அவ்வாட்டத்தில் வீரர்கள் தோளோடு தோள் நெருக்கிக் கூடும் கூட்டத்திற்கு 'ஸ்கிரம்' என்று பெயர். அப்பெயரையே தம் முறைக்கு இட்டு, ஜெப் சதர்லாந்தும் கென் சுவேபரும் 1995ஆம் ஆண்டில் அதனை அறிஞர் அவையில் அறிமுகம் செய்தனர். 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து மலைவிடுதி ஒன்றில் 17 நிரலர்கள் கூடி, நான்கு விழுமியங்களும் பன்னிரண்டு கொள்கைகளும் கொண்ட அறிக்கை ஒன்றை வெளியிட்டனர். விதிமுறைகளையும் கருவிகளையும்விட மனிதரும் அவர்தம் உரையாடலும் மேல். தடித்த ஆவணத்தைவிட இயங்கும் மென்பொருள் மேல். ஒப்பந்த வாதத்தைவிடப் பயனரின் ஒத்துழைப்பு மேல். வகுத்த திட்டத்தில் பிடிவாதத்தைவிட மாற்றத்தை ஏற்கும் மனம் மேல் என்பது அவ்வறிக்கையின் சாரம். கீழென வைத்தவற்றுக்கும் மதிப்புண்டு என்று அவர்களே கூறியிருப்பது கருதத்தக்கது.

அப்பதினேழு பேரில் ஒருவர் வார்டு கன்னிங்காம். எவரும் திருத்தக்கூடிய 'விக்கி' என்னும் இணையத்தள அமைப்பை 1995ஆம் ஆண்டில் உருவாக்கியவர் அவரே. 2003ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா அவ்வமைப்பின் வழித்தோன்றல். குறையோடு தொடங்கி, பலர் கைபட்டு, நாள்தோறும் திருந்தி வளரும் கலைக்களஞ்சியத்தைத் தமிழர் ஏற்கெனவே கண்டிருக்கின்றனர். எனவே இம்முறை நமக்கு முற்றிலும் அந்நியமன்று.

வகுப்பறையில் நேர்வது

நம் கல்லூரிகளில் இம்முறை பாடமாக இல்லாமலில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப் பாடத்திட்டத்தில் மென்பொருள் பொறியியல் தாளின் முதல் அலகிலேயே இது இடம் பெற்றது. கலை அறிவியல் கல்லூரிகளின் கணினிப் பட்ட வகுப்புகளிலும் மென்பொருள் பொறியியல் கற்பிக்கப்படுகிறது. எனினும் கற்பிக்கப்படும் விதம் யாது? ஸ்கிரம் முறையை விளக்குக என்று ஒரு வினா; நான்கு பக்க விடை; அதற்கு மதிப்பெண். ஆவணத்தைவிடச் செயலே மேல் என்று சொல்லும் முறையை ஆவணத்தாலேயே தேர்வு வைத்து முடிக்கிறோம். நீச்சலைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லி, எழுதியவனைக் கெடிலத்தில் இறக்கிவிடுவதற்கு ஒப்பானது இது.

இறுதியாண்டுச் செய்முறைத் திட்டத்தின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. நால்வர் ஐவர் சேர்ந்த அணி எனப் பெயர்ப்பட்டியல் தயாராகும். அவருள் நிரல் எழுதத் தெரிந்தவன் ஒருவன். மற்றவர் அவன் நிழலில் ஒதுங்குவர். மாணவியர் உள்ள அணியில், தட்டச்சும் அறிக்கை அழகுபடுத்தலும் அவர்க்கென்றே ஒதுக்கப்படும். தமிழ் வழியில் பயின்று வந்தவன் கூட்டத்தில் வாய் திறவான். சில ஊர்களில் திட்டங்களை ஆயத்தமாகவே விற்கும் கடைகள் உள்ளன என்பது ஊரறிந்த செய்தி. விலை கொடுத்து வாங்கிய நிரலும், பளபளக்கும் அட்டையிட்டுப் பொன்னெழுத்துப் பொறித்த அறிக்கையும் மேசைமேல் வைக்கப்படும். வாய்மொழித் தேர்வு பத்து நிமிடத்தில் முடியும். நால்வர்க்கும் ஒரே மதிப்பெண். அம்மதிப்பெண்ணுக்குப் பின்னால் எத்துணைப் பேர் கற்றனர் என்பதை எவரும் கேட்பதில்லை.

இங்கே இழக்கப்படுவது மதிப்பெண் நேர்மை மட்டுமன்று. நெல்லிக்குப்பத்திலிருந்தும் காட்டுமன்னார்கோயிலிலிருந்தும் பேருந்தேறி வரும் முதல் தலைமுறைப் பட்டதாரி ஒருவன், பிறரோடு அமர்ந்து ஒரு பணியைத் தொடங்கி முடித்த அனுபவம் ஏதுமின்றி வெளியேறுகிறான். வேலை நேர்காணலில் 'உன் பங்கு யாது' என்ற எளிய வினாவிற்கு அவனால் விடையிறுக்க இயலவில்லை. அவன் வீட்டார் மூன்றாண்டு செலுத்திய கட்டணத்திற்கு நாம் தரும் பதில் இதுதானா?

சிற்றரங்கேற்றம்

தமிழ் மரபில் நூல் இயற்றியவர் அதனை அவையில் அரங்கேற்ற வேண்டும். கேட்போர் தடை எழுப்புவர். இயற்றியவர் விடை கூறுவார். அதன் பின்னரே நூல் நூலாகும். சேக்கிழாரின் பெரியபுராணம் தில்லை ஆயிரங்கால் மண்டபத்தில் அரங்கேறியதாக மரபு கூறுகிறது. அஜைல் முறை இவ்வரங்கேற்றத்தைப் பணியின் முடிவில் ஒருமுறை வைப்பதற்குப் பதிலாக இரண்டு வாரத்திற்கொருமுறை வைக்கிறது. இதனைச் 'சிற்றரங்கேற்றம்' என்று நாம் அழைக்கலாம். செய்தது சிறிதாயினும் இயங்குவதாக இருத்தல் வேண்டும். பயன்படுத்துவோர் முன் அதனை இயக்கிக் காட்டுதல் வேண்டும் என்பன இதன் இரு விதிகள்.

பதிப்புலகிலும் இதற்கு ஒப்புண்டு. சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக 1924 முதல் 1927 வரை வீற்றிருந்த உ.வே. சாமிநாதையர், சீவக சிந்தாமணியை 1887ஆம் ஆண்டில் வெளியிட்டார். எல்லா ஐயங்களும் தீரும்வரை காத்திருப்போம் என்று அவர் இருந்திருப்பாராயின் தமிழுலகம் அந்நூலை அச்சில் காண நெடுங்காலம் ஆகியிருக்கும். வெளியிட்டார், கற்றோர் கூறியன கேட்டார், புதிதாய்க் கிடைத்த சுவடிகளை ஒப்புநோக்கினார், பின்னைப் பதிப்புகளைத் திருத்தி வெளிக்கொணர்ந்தார். தேடலும் திருத்தமும் ஓயாத அவ்வுழைப்பைத் தமிழ் மாணவரும் கணினி மாணவரும் ஒருங்கே படித்தல் நலம்.

இனி, ஓர் அணி எவ்வாறு இயங்கலாம் என்பதை எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஊர் ஜமாஅத் ஒன்றின் அலுவலகத்தில் மஹல்லா சந்தாக் கணக்கு நீண்ட பேரேடுகளில் எழுதப்பட்டு வருகிறது எனக் கொள்வோம். ஐவர் அடங்கிய மாணவர் அணி அதனைக் கணினியில் அமைக்க முன்வருகிறது. பழைய முறையில் அவர்கள் முதல் மாதம் முழுதும் அறிக்கை எழுதுவர். புதிய முறையில் முதல் வாரமே அலுவலகத்திற்குச் சென்று, கணக்கெழுதும் பெரியவர் அருகில் அமர்ந்து அவர் செய்வதைப் பார்ப்பர். அவர்தம் தேவைகளைச் சிறு அட்டைகளில், அட்டைக்கொன்றாக, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுவர். 'சந்தா பாக்கி உள்ள வீடுகளை ரமலானுக்கு முன் தெருவாரியாகப் பார்க்க வேண்டும்' என்பது ஓர் அட்டை. யார், எதை, எதற்காக வேண்டுகிறார் என்னும் மூன்றும் அதில் அடங்கிவிடுகின்றன. எது முதலில் வேண்டும் என்பதைப் பெரியவரே அடுக்கித் தருவார்.

முதல் இரு வாரங்களில் குடும்பப் பெயர்ப் பட்டியல் மட்டும் இயங்கும். அதனைக் கொண்டுபோய்க் காட்டியவுடனே பெரியவர் சொல்வார்: 'தம்பி, இந்தத் தெருவில் அப்துல் காதர் ஏழு பேர். தகப்பனார் பெயரின் முதலெழுத்தும் நால்வர்க்கு ஒன்றே. வீட்டுப் பெயர் போடாவிட்டால் யார் கணக்கு யாரிடம் போகும்?' மேலும் அவர் சொல்வார்: 'சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருப்பவர் சந்தாவை இங்குள்ள மைத்துனர் கட்டுவார், ரசீது யார் பெயரில்?' இவ்விரு வினாக்களையும் எந்தப் பாடநூலும் அம்மாணவர்க்குச் சொல்லியிராது. அறிக்கை எழுதி முடித்து, நிரல் எழுதி முடித்து, ஆறாம் மாதத்தில் இவ்வினாக்கள் எழுந்திருப்பின் செய்ததை எல்லாம் குலைத்துக் கட்ட வேண்டியிருக்கும். இரண்டாம் வாரத்தில் எழுந்தமையால் ஒரு நாட்பணியில் திருத்தம் முடிந்துவிடும். மாற்றத்தை ஏற்கும் மனம் என்று அறிக்கை கூறியதன் பொருள் இதுவே.

ஒவ்வொரு நாளும் பதினைந்து நிமிடத்திற்கு மேற்படாமல் அணியினர் நின்றபடியே கூடுவர். நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்வோம், தடை யாது என்பவற்றை ஒவ்வொருவரும் சொல்வர். இரண்டு வாரச் சுற்று முடிந்ததும், பணியைப் பற்றியன்றிப் பணி செய்த முறையைப் பற்றி மீள்நோக்கிப் பேசுவர். எவரையும் குறைகூறாமல், அடுத்த சுற்றில் எதை மாற்றுவோம் என்பதை மட்டும் முடிவு செய்வது அக்கூட்டத்தின் ஒழுக்கம்.

கணினிக்கூடத்தில் இயந்திரங்கள் போதவில்லை என்னும் குறையையும் இம்முறை ஒருவகையில் நிறையாக்கிக் கொள்கிறது. ஒரு கணினியின் முன் இருவர் அமர்ந்து, ஒருவர் எழுத மற்றவர் நோக்கிப் பிழை காணும் 'இணை நிரலாக்கம்' இம்முறையின் ஓர் உறுப்பு. யூட்டா பல்கலைக்கழகத்தில் லாரி வில்லியம்ஸ் என்னும் ஆய்வாளர் மாணவரைக் கொண்டு செய்து வெளியிட்ட ஆய்வில், இணையாக எழுதியோர்க்கு மொத்த உழைப்பு நேரம் ஏறத்தாழ 15 விழுக்காடு கூடிற்று; பிழைகளோ ஏறத்தாழ 15 விழுக்காடு குறைந்தன. பிழையைப் பின்னர்த் தேடித் திருத்தும் நேரத்தை எண்ணின் இது இலாபமே. எழுதுபவரும் நோக்குபவரும் முறைமாறி அமர வேண்டும் என்ற ஒரே விதி, மாணவியரை அறிக்கை தட்டச்சு செய்யும் இருக்கையிலிருந்து விடுவிக்கவும் துணைசெய்யும்.

தமிழ்த்துறையின் பங்கு

இப்பணியில் தமிழ் மாணவர்க்கு இடம் எங்கே? மேற்கூறிய பெயர்ப்பட்டியலையே மீண்டும் நோக்குவோம். முஹம்மது, முகம்மது, முகமது, முஹம்மத் என ஒரே பெயர் நால்வகையாய் எழுதப்படுகிறது. ஷாகுல் என்பவர் சாகுல் ஆவார். ஃபாத்திமா பாத்திமா ஆவார். ஒரு வடிவத்தைத் தட்டச்சிட்டுத் தேடினால் மற்ற வடிவங்கள் கிடைப்பதில்லை. அரபுப் பெயர்கள் தமிழ் ஒலியமைதிக்கேற்பத் திரியும் முறையைக் கற்றவரே, எவை ஒன்றற்கொன்று நிகர் என்னும் அட்டவணையை வகுக்கவல்லார். அது மொழியியற் பயிற்சி. நிரலர் தனித்துச் செய்யக்கூடியதன்று.

அகரவரிசையும் அத்தகையதே. யுனிகோடு அட்டவணையில் தமிழ் எழுத்துகள் தேவநாகரி அடுக்கைத் தழுவி வைக்கப்பட்டுள்ளன. அங்கே நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும், சகரத்தை அடுத்து ஜகரமும் நிற்கின்றன. லகர ளகர ழகரங்களுக்குப் பின்னரே வகரம் வருகிறது. எழுத்தின் எண்ணை மட்டும் கொண்டு கணினி வரிசைப்படுத்தினால் கனி என்னும் பெயர் கபீர் என்னும் பெயருக்கு முன்னே வந்து நிற்கும்; பழனி பவானியை முந்தும். தமிழ் நெடுங்கணக்கில் னகரமே இறுதி மெய் என்பதை அறிந்த மாணவனே இப்பிழையைக் காண்பான். முறையான தமிழ் வரிசைக்குரிய விதிகள் இன்று மென்பொருட் கருவிகளில் கிடைக்கின்றன; அவற்றை இணைக்க வேண்டும் என்று சொல்ல அணியில் ஒருவர் வேண்டும். சோதனையாளர் என்று துறையினர் கூறும் பொறுப்பு இதுவே.

1999ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டின் பயனாகத் தமிழ் 99 விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. தமிழறிஞரும் கணினியறிஞரும் ஒரே மேசையில் அமர்ந்து பேசியதால் விளைந்த பயன் அது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் முயற்சியால் கல்லூரிகளில் கணித்தமிழ்ப் பேரவைகள் தோற்றுவிக்கப்பட்டமையும், சென்னையில் 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் கணித்தமிழ் மாநாடு நடந்தமையும் அவ்வழியிலேயே. இவை சொற்பொழிவோடு நின்றுவிடாமல், தமிழ் மாணவரும் கணினி மாணவரும் கலந்த அணிகளாக உருப்பெற வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

பயனரிடம் அவர் மொழியில் முதலில் கேட்டு, பின்னர்க் கருவியை அமைப்பதன் பயனை நம் கடற்கரை அறியும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998ஆம் ஆண்டில் புதுவைப் பகுதிச் சிற்றூர்களில் தகவல் மையங்களை அமைக்கத் தொடங்கியபோது, ஊரார்க்கு எது வேண்டும் என்பதை முதலில் கேட்டறிந்தது. மீனவர்க்கு அலையின் உயரம் வேண்டியிருந்தது. வீராம்பட்டினத்தில் அது நாள்தோறும் தமிழில் ஒலிபெருக்கி வழியே அறிவிக்கப்பட்டது. கடலூருக்கு வடக்கே உள்ள நல்லவாட்டில், 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, அத்தகைய மையத்தின் ஒலிபெருக்கி எச்சரிக்கையால் ஊரார் வெளியேறி உயிர் தப்பினர். கருவி எளியது, கேட்டுச் செய்தமையால் அது உயிர்காத்தது. 2011ஆம் ஆண்டின் தானே புயலையும் 2015ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தையும் கண்ட கடலூர் மாவட்டத்து மாணவர்க்கு, செய்யத்தக்க பணிகளுக்குக் குறைவில்லை. துறைமுகத்து மீன் ஏலக் கணக்கும், பண்ணுருட்டிப் பலா முந்திரி வணிகரின் கொள்முதற் குறிப்பும், சிதம்பரத்துப் பழைய புத்தகக் கடையின் இருப்புப் பட்டியலும் அவர்க்கு ஆய்வுக்கூடங்களே.

தடைகளும் விடைகளும்

ஆசிரியர் சிலர் எழுப்பும் தடைகளை நாம் புறக்கணித்தல் தகாது. திட்டமின்மைக்கும் சோம்பலுக்கும் இம்முறை நல்ல பெயர் சூட்டிவிடும் என்பது முதல் தடை. உண்மையில் இங்கே திட்டமிடல் ஒருமுறையோடு முடிவதில்லை; இரண்டு வாரத்திற்கொருமுறை நிகழ்கிறது. கடமை தவறியவன் ஆறு மாதம் மறைந்திருக்க இயலாது. பதினான்காம் நாளே வெளிப்படுவான்.

குழுவில் உழைத்தவனும் உழையாதவனும் ஒரே மதிப்பெண் பெறுவரே என்பது இரண்டாம் தடை. இது நியாயமான அச்சம். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டில் உருவாக்கிய 'கிட்' போன்ற கருவிகள், எவர் எந்நாளில் எவ்வரியை எழுதினார் என்பதைப் பதிந்து வைக்கின்றன. அப்பதிவையும், அணியினர் ஒருவர்க்கொருவர் அளிக்கும் மதிப்பீட்டையும், தனித்தனி வாய்மொழித் தேர்வையும் சேர்த்து நோக்கினால் மறைதல் அரிது. எனினும் வரிகளின் எண்ணிக்கை மட்டும் உழைப்பன்று. பயனரிடம் பேசியவளும் பிழை கண்டவனும் நிரல் எழுதியவனுக்கு நிகரே என்பதை மதிப்பெண் திட்டம் ஏற்க வேண்டும்.

மாலையில் பேருந்தைப் பிடிக்க வேண்டிய மாணவர் எப்போது கூடுவர் என்பது மூன்றாம் தடை. கூட்டங்கள் வகுப்பு நேரத்திற்குள்ளேயே அமைய வேண்டும். மாலைக்கும் விடுமுறைக்கும் தள்ளினால் மாணவியரும் தொலைவூர் மாணவரும் தாமாகவே விலக்கப்படுவர். 2017ஆம் ஆண்டு தொடங்கிய ஸ்மார்ட் இந்தியா ஹாக்கத்தான் போட்டியில் அணிக்கு அறுவர், அவருள் ஒருவரேனும் பெண் என்று விதி வகுத்தனர். அவ்விதி பாராட்டத்தக்கது. ஆயினும் 36 மணிநேரப் போட்டி திருவிழாவைப் போன்றது. கல்வி என்பதோ நாள்தோறும் உலைவைப்பது.

நிறுவனங்களில் ஆங்கிலமே பேச வேண்டியிருக்கத் தமிழில் கூட்டம் நடத்துவது மாணவரைப் பின்தள்ளாதா என்பது நான்காம் தடை. சிந்தனை தெளிந்தவன் மொழிபெயர்த்துக் கொள்வான். தெளியாதவன் எம்மொழியிலும் தடுமாறுவான். நாட்கூட்டத்தைத் தமிழிலும், மாதம் ஒருமுறை சிற்றரங்கேற்றத்தை ஆங்கிலத்திலும் நடத்துவது இரு நன்மையையும் தரும். 2012ஆம் ஆண்டு முதல் வெளிவரும் 'கணியம்' போன்ற இதழ்கள், கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே பேச இயலும் என்பதைக் காட்டி வந்திருக்கின்றன.

செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தரும்போது இத்துணை உழைப்பு எதற்கு என்பது புதிய தடை. 2022ஆம் ஆண்டின் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்தபின் இவ்வினா வகுப்புதோறும் எழுகிறது. நிரல் எளிதாகக் கிடைக்கும் காலத்தில், எதைச் செய்ய வேண்டும் என்று கேட்டறிவதும், கிடைத்தது சரிதானா என்று சோதிப்பதுமே மனிதர்க்கு எஞ்சும் பணி. ஏழு அப்துல் காதர்களைப் பற்றி அப்பொறிக்குச் சொல்ல, அப்பெரியவர் அருகில் அமர்ந்த ஒரு மாணவன் வேண்டும்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். நாட்கூட்டம் உதவிக்கானது, கண்காணிப்புக்கானதன்று. ஆசிரியர் அங்கே அதிகாரியாக அமர்ந்து ஒவ்வொருவரையும் விசாரிக்கத் தொடங்கினால் மாணவர் உண்மையை மறைப்பர்; முறையின் பெயர் எஞ்சும், பயன் நீங்கும்.

செய்யத்தக்கன

ஆட்சிக்குழுவினர்க்கும் துறைத்தலைவர்க்கும் ஊர்ப் பெரியோர்க்கும் நாம் முன்வைப்பன இவை. செய்முறைத் திட்டத்திற்கான மதிப்பெண்ணில் பாதியையேனும் இறுதி அறிக்கையிலிருந்து எடுத்து, பருவம் முழுதும் நடைபெறும் சிற்றரங்கேற்றங்களுக்கு வழங்க வேண்டும். இரண்டு வாரத்திற்கொன்றாகப் பருவத்தில் ஆறு சுற்றுகள் அமைவது இயலும். ஒவ்வோர் அணிக்கும் நம் மாவட்டத்தைச் சேர்ந்த மெய்யான பயனர் ஒருவர் இருத்தல் வேண்டும். அவர் ஒப்புதலின்றித் திட்டம் நிறைவுற்றதாகக் கொள்ளுதல் கூடாது. கடையில் வாங்கிய நிரலுக்குப் பயனர் இரார் என்பதால், அவ்வணிகம் இவ்வொரு விதியாலேயே பெரிதும் அடங்கும். ஒவ்வோர் அணியிலும் தமிழ் அல்லது வேறு துறை மாணவர் ஒருவரையேனும் சேர்த்து, அவர்க்கும் உரிய மதிப்பெண் அளிக்க வேண்டும்.

ஜமாஅத் பெரியோரும் வணிகப் பெருமக்களும் தத்தம் அலுவலகக் கதவை மாணவர் அணிகளுக்குத் திறந்துவிட வேண்டும். பொருளுதவியைவிட இரண்டு வாரத்திற்கொருமுறை அரைமணி நேரம் அமர்ந்து, செய்ததைப் பார்த்து, குறையைச் சொல்வதே அவர்கள் செய்யத்தக்க பேருதவியாகும். குடும்பங்களின் விவரம் வெளிச்செல்லுமோ என்று அவர்கள் அஞ்சுவது முறையே. தனிநபர் தரவுகளைக் காக்க 2023ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியிருக்கிறது. மாணவர் கற்பனைப் பெயர்களைக் கொண்டே கருவியை அமைத்துச் சோதிக்கலாம். உண்மைப் பேரேடு அலுவலகத்தை விட்டு வெளியேற வேண்டியதில்லை. பிறர் செய்தியைக் காத்தலும் கல்வியின் ஒரு பகுதியே.

எந்தப் பணியை எவரால் முடிக்க இயலும் என்று ஆராய்ந்து, அதனை அவரிடமே விடுவதற்குத் திருக்குறளில் தெரிந்துவினையாடல் என ஓர் அதிகாரமே உண்டு. ஆராய்ந்து விடுவதற்கு மாணவர் முதலில் நம் கண்முன் செயற்பட வேண்டும். விடைத்தாளில் மட்டும் அவரைக் கண்டுவந்த நாம், இனி அவர் ஒருவரோடொருவர் பேசுவதையும், தவறித் திருந்துவதையும், அறியாதவர்க்கு எடுத்துச் சொல்வதையும் காண வேண்டும். பவணந்தியார் கணக்கில் எஞ்சிய முக்காற்பங்கு அங்கேதான் நிரம்பும். வரும் கல்வியாண்டில் ஓர் அணியையேனும் இவ்வாறு தொடங்கிவைக்க இரு துறையாரும் ஒருங்கே அமர்ந்து ஆவன செய்வோமாக.